வம்சாவளிப் பக்கத்தில் ஒரு வெள்ளி

வம்சாவளிப் பக்கம் மட்டும்தான் இன்னும் வரவில்லை என்று அச்சகக்காரர் அபூதாஹிர் சொன்னபோது, சிவகுருநாதன் தலையாட்டி “ஓம்” என்றார். எப்போது தருவீர்கள் என்று கேட்டார். அதற்கும் “ஓம்” என்றார்.

மனைவி ஜெயரூபி செத்த நாளிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் ஓம்தான். சவப்பெட்டிக்காரர் வந்து பித்தளைப் பிடி வைத்த பெட்டியா என்று கேட்டார்: ஓம். வாடகைக் கதிரைக்காரர், வந்தவர்கள் உட்காரப் போட்ட கதிரைகள் எட்டாம் நாள் எட்டுச்செலவு வரைக்கும் இங்கேயே நிற்கட்டுமா என்று கேட்டார்: ஓம். எட்டுச்செலவு முடிந்தும் அவை முற்றத்தில் அடுக்கினபடி நிற்கின்றன. இடையில் தொலைபேசிக் கொம்பனியிலிருந்து ஒரு பிள்ளை எடுத்து ஏதோ சேவை ஒன்றைச் சொன்னாள். அதற்கும் ஓம் சொல்லிவிட்டார். இப்போது துக்கம் விசாரிக்க அவருடைய போனுக்கு எடுக்கிற ஆட்களுக்கெல்லாம் முதலில் ஒரு காதல் பாட்டுக் கேட்கிறது.

அழுகை வரவில்லை. மூளையில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் அவள் போனபோதும் வரவில்லை, கொள்ளி வைத்தபோதும் வரவில்லை. ஆள் கல் என்று சிலர் கதைத்தார்கள். கல்லுக்கு இதைவிடக் கொஞ்சம் உணர்ச்சி இருக்கும் என்று அவருக்கே தோன்றியது. துறைமுகத்தின் இழுவைப் படகில் காலமெல்லாம் இஞ்சின் பார்த்தவர் அவர். வேலை முடிந்து அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து படுத்தாலும் உள்ளங்காலில் இஞ்சினின் அதிர்வு இருந்துகொண்டேயிருக்கும். பென்சன் எடுத்த பிறகும் சில நாட்களில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காலைக் கீழே வைத்தால் நிலம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அபூதாஹிர் கேட்டது கல்வெட்டுக்கான பக்கத்தை. அந்த ஊர்ப் பக்கத்துச் சைவ வீடுகளில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள் வெறுங்கையோடு போவதில்லை; செத்தவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பெயர்தான் கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, பளபளக்கிற கடதாசிதான். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், நாலைந்து இரங்கல் உரை. ஒருவரும் அவற்றைப் படிப்பதில்லை. கையில் வாங்கினதும் எல்லோரும் நேரே நடுப்பக்கத்தைத்தான் பிரிப்பார்கள். அங்கேதான் வம்சாவளி இருக்கும். தன் பெயர் இருக்கிறதா, தனக்குப் பிடிக்காத மச்சானின் பெயர் தன் பெயருக்கு மேலே ஏறிவிட்டதா என்று பார்ப்பார்கள். செத்தவர் ஆருடைய ஆள், எந்த ஊர், எந்தப் பகுதி என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் பதில் சொல்லிவிடும். அதற்காகத்தான் அது இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சிவகுருநாதன் பக்கத்தில் குறைவில்லை. பூட்டன் வரைக்கும் பெயர் இருந்தது. ஜெயரூபிக்கு மேலே ஒரு பெயரும் இல்லை. கைக்குழந்தையாக ஒரு பிள்ளைகள் இல்லத்தின் வாசலில் கிடந்தவள் அவள். சுற்றியிருந்த சேலை ஒன்றுதான் கூட வந்தது. பெயர் வைத்தது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் கன்னியாஸ்திரிமார். படித்து, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராகி, கடிதம் ஒன்று எழுதுவிக்க வந்த இழுவைப் படகுக்காரனைக் கலியாணமும் முடித்தாள்.

தன் தாய் தகப்பனைத் தேடி அவள் ஒரு நாளும் போனதில்லை. சொற்களின் தாய் தகப்பனைத் தேடித்தான் அலைந்தாள். மூன்று மொழிகளில் நாள் முழுக்க மாரடித்துவிட்டு வந்து, சமைக்கும்போதும் அதே கதைதான். அலுவலகத்தைக் கந்தோர் என்கிறோமே, அது ஒல்லாந்தர் விட்டுப்போனது, கொம்பியூட்டருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்பாள். இரண்டும் கணக்குப் பார்க்கிற ஒரே வயிற்றில் பிறந்ததாம். காலையில் பேக்கரி ரொட்டி விற்கிற பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். “ஒரு றாத்தல் பாண் தாங்கோ” என்று வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, “இஞ்சேருங்கோ, றாத்தல் அறபியில இருந்து வந்தது, பாண் போர்த்துக்கல்லில இருந்து வந்தது, தின்னுற வாய் மட்டும்தான் எங்கட” என்பாள்.

அந்தப் பாண்தான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி, சமைக்கிற குசினியின் சுவரில் ஒட்டி, பாணுக்கு ஒரு வம்சாவளி வரையத் தொடங்கினாள். அகராதி பார்த்து எழுதினால் அரை நாளில் முடிந்திருக்கும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்களின் வாயால் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றாள். ஆட்களுக்கு எங்கே போவது? புருஷன் துறைமுகத்தில் அல்லவா இருக்கிறான்!

அன்றிலிருந்து சிவகுருநாதனுக்கு இரண்டு வேலை. கோதுமைக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ, கரையில் கட்டினதும் இறங்கி வருகிற மாலுமியை மறித்து, கையில் வைத்திருக்கிற பாண் துண்டைக் காட்டி, இதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். முதல் நாள் கேட்ட மாலுமி, பசிக்கிறவன் என்று நினைத்து ஒரு டின் மீனைக் கொடுத்துவிட்டுப் போனான். படகில் வேலை செய்த பெடியன்கள் அவருக்குப் பாண் ஐயா என்று பட்டம் வைத்தார்கள். பென்சன் எடுக்கும் வரைக்கும் அந்தப் பட்டம் போகவில்லை. அவர் வெட்கத்தை விட்டுத்தான் கேட்டார். இத்தாலிக்காரன் ‘பானே’ என்றான். கோவாக்காரன் ‘பாவ்’ என்றான். ஒரு நாள் ஜப்பான் கப்பலின் கிழட்டு இஞ்சினியர், பாண் துண்டை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, ‘பான்’ என்றார். சிவகுருநாதன் சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி கழன்றது. வீட்டு வாசலில் வைத்தே சொன்னார். ரூபி கையில் கரண்டியோடு குசினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். “பாத்தீங்களே, ஜப்பான்லயும் எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினம்!” துருக்கிக்காரன் ‘எக்மெக்’ என்றபோது அதையும் விடவில்லை. தாளின் ஓரத்தில் தனியே எழுதி, “இவர் எங்கட ஆளில்லை. ஆனா வாசலுக்கு வந்தவரை வாங்கோ எண்டு சொல்லவேணும்தானே” என்றாள்.

கீழே பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு மேலே போர்த்துக்கேயத் தாய், அதற்கும் மேலே லத்தீன் பாட்டி. எல்லாவற்றுக்கும் உச்சியில் அவள் ஒரு சின்ன எழுத்தை எழுதி அதன் பக்கத்தில் ஒரு வெள்ளி போட்டிருந்தாள். வானத்தில் பூக்கிற வெள்ளிதான், ஐந்து கோட்டில் கீறினது.

“இதென்ன வெள்ளி?” என்று அவர் கேட்டார். அப்போது மகள் நிரோஜினி சின்னப்பிள்ளை. ரூபி அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அதுதான் பாணின்ர ஆதித் தாய். ‘பா’ எண்டு சொல்லியிருக்கலாம் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லினம். ஊட்டுறது எண்டு அர்த்தமாம். ஆனா அதை ஒருத்தரும் எழுதிவைக்கேல்ல. காதால கேட்ட ஆளும் இப்ப இல்லை.”

“பிறகு என்னெண்டு தெரியும்?”

“பிள்ளையளின்ர முகத்தைப் பார்த்துத்தான். இத்தனை பிள்ளையளுக்கும் ஒரே சாயல் எண்டா, தாய் ஒருத்தி இருந்திருக்கத்தானே வேணும்? ஆளைக் காணேல்ல, ஆனா ஆள் இருந்தவ. அப்பிடி இருந்தா, சொல்லுக்கு முன்னால வெள்ளி போடுறது வழக்கம்.” சொல்லிவிட்டு மகளின் பின்னலை இறுக்கினாள். பிள்ளை கத்தியது. அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் யோசிக்கவில்லை.

அபூதாஹிரிடம் ஓம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா பாக்கியரத்தினம் உப்புவெளியிலிருந்து வந்திருந்தார். சாவீடு நடந்ததிலிருந்து அவர்தான் எல்லாம். சோறு கொண்டுவருவது, ஐயரோடு கதைப்பது, தம்பி உடுத்த சாரத்தைத் தோய்ப்பது வரைக்கும். வாயும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

“தம்பி, அந்தப் பக்கத்தை வெறுமையா விட ஏலாது,” என்றார். “கலியாணக் கார்ட்டில போட்ட பேரையே போடுவம். அப்பத்தான் ஒண்டுக்கொண்டு ஒத்துவரும்.”

அது ஒரு பெரிய கதை. கலியாணம் முற்றாகி நாள் வைத்தபோது பெண்ணுக்குத் தாய் தகப்பன் பெயர் இல்லாமல் அழைப்பிதழ் அடிப்பது குடும்பத்துக்கு அவமானம் என்று இதே அக்கா ஒற்றைக் காலில் நின்றார். நின்று, ‘காலஞ்சென்ற வேலுப்பிள்ளை செல்லம்மா தம்பதிகளின் புதல்வி’ என்று அவரே இரண்டு பேரைப் பெற்றெடுத்துப் போட்டார். சிவகுருநாதன் அப்போதும் வாய் திறக்கவில்லை. ரூபி அழைப்பிதழைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முப்பது வருஷம் ஓடியது. “நேற்று அப்பா வேலுப்பிள்ளை கனவில வந்தவர். ஆர் நீங்கள் எண்டு கேட்டனான். அவருக்கும் தெரியேல்ல” என்பாள். கறிக்கு உப்புக் கூடினால், “அம்மா செல்லம்மா பழக்காத பழக்கம்” என்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்த பிறகு அவள் எழும்பிப் போய், கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவுவாள். அதை அவர் கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்திருக்கிறார்.

“நிரோஜினிக்குச் சம்பந்தம் கதைச்சு வாற காலம் இது,” அக்கா தொடர்ந்தார். “வாறவன் முதல்ல எந்தப் பக்கத்தைப் பிரிப்பான்? பிள்ளையின்ர தாய்க்கு மேல ஒண்டுமில்லை எண்டா, எழும்பிப் போயிடுவான். நான் ரூபியைக் குறை சொல்லேல்ல. அவளுக்கு ஒரு மரியாதைக்குத்தான் சொல்லுறன். விளங்குதே?”

“ஓம்.”

“போடுறியே?”

“ஓம்.”

அக்கா திருப்தியோடு எழும்பிப் போனார். சிவகுருநாதன் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனார். மேசையில் பாண் அடுக்கியிருந்தது. ரூபி வழக்கமாக வாங்குகிறவள் என்று ஓட்டோக்காரன் ஒவ்வொரு காலையும் வாசலில் நிறுத்துகிறான், இவரும் ஓம் என்று வாங்கிவைக்கிறார். தின்ன ஆளில்லை. அடியிலிருந்த பாணில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைத் தூக்கி எறியவும் கை எழும்பவில்லை.

சுவரில் தாள் அப்படியே இருந்தது. புகை பிடித்து மஞ்சளாகி, ஒரு மூலை கழன்று தொங்கியது. மூலையை அமத்தி ஒட்டுவதற்காகக் கிட்டப் போனார். உச்சியில் அந்த வெள்ளி. ஆளைக் காணவில்லை, ஆனால் ஆள் இருந்தவ. அவள் சொன்ன குரலிலேயே அது காதில் கேட்டது. கேட்டும் ஒன்றும் ஆகவில்லை, நெஞ்சு மரத்தபடிதான் கிடந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்துவிட்டது. அழத் தெரியாதவனுக்கு அதுவாவது தெரிந்ததே என்று நினைத்தார்.

ஒரு தாளை எடுத்து நடுப்பக்கத்தைத் தானே கீறினார். ஒரு பக்கம் தன் ஆட்கள், பூட்டன் வரைக்கும். மற்றப் பக்கம் ஜெயரூபி. அவளுக்கு மேலே ஒரு கோடு. கோட்டின் முடிவில் ஒரு வெள்ளி. கீழே இருவருக்கும் நடுவில் நிரோஜினி. சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற வழியிலிருந்த அச்சகத்துக்குத் திரும்பவும் போனார்.

அபூதாஹிர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “அண்ணன், இந்த வெள்ளி என்ன? கீழ குறிப்பு ஏதும் வருதா?”

சாவுக்குப் பிறகு சிவகுருநாதன் நாலு வசனம் சேர்த்துக் கதைத்தது அப்போதுதான். சொல்லின் கதையைச் சொன்னார், பாணைச் சொன்னார், ரூபி கிடந்த வாசலைச் சொன்னார். அபூதாஹிர் குறுக்கே கதைக்காமல் கேட்டார்.

“எல்லாருக்கும் பெத்த உம்மா இரிக்கித்தானே, அண்ணன்,” என்றார் கடைசியில். “பேர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. நான் வடிவாப் போட்டுத் தாறன்.” தாளை மடிக்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் போன் வந்தது. சிவகுருநாதன் முற்றத்தில் வாடகைக் கதிரை ஒன்றில் இருந்தார். எவ்வளவு நேரமாக இருந்தாரோ தெரியாது. அன்றைக்கு அவருக்கு மோசமான நாள். எழும்பினது, முகம் கழுவினது ஒன்றும் நினைவில்லை.

“அங்கிள், நான் றிஷானா. அபூதாஹிர்ட மகள்,” என்றது போன். “வாப்பா கிண்ணியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிட்டாங்க. நான்தான் பக்கம் எல்லாம் செய்றன். உங்கட அக்கா இப்ப எடுத்தவங்க. நடுப்பக்கத்துல அன்ரிக்கு மேல ரெண்டு பேர் போடச் சொன்னாங்க. வேலுப்பிள்ளை, செல்லம்மா. அங்க இரிக்கிற வெள்ளிய எடுத்துட்டுப் போடவா?”

பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. வாசலில் நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. அவர் போனைக் காதில் வைத்தபடி ஓட்டோக்காரனைப் பார்த்தார். ஓட்டோக்காரன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், ஒன்றா என்று.

“ஓம்,” என்றார் சிவகுருநாதன்.

“சரி அங்கிள். நாளைக்கு மெஷினுக்குப் போயிரும்.”

“ஓம்.”

பாணை வாங்கிக்கொண்டு போய் மேசையில் மற்றப் பாண்களோடு வைத்தார். போனில் என்ன கதைத்தது என்று அந்த நேரம் யாராவது கேட்டிருந்தால், யாரும் எடுக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

கிருத்தியத்துக்கு முதல் நாள் பின்னேரம் கல்வெட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. வீட்டின் பின்பக்கம் பெண்கள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் நிரோஜினி பெட்டியின் வாயை வெட்டினாள். கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, லீவு போட்டு வந்து நிற்கிறாள். முதல் புத்தகத்தைத் தகப்பன் கையில் கொடுத்தாள்.

அட்டையில் ரூபி சிரித்தாள். அவரும் எல்லோரையும் போல நேரே நடுப்பக்கத்தைத்தான் பிரித்தார்.

வேலுப்பிள்ளை. ஒரு கூட்டல் குறி. செல்லம்மா. அழகான தடித்த எழுத்தில்.

அடுத்த புத்தகத்தை எடுத்தார். அதிலும் அவர்கள்தான். இன்னொன்று. அதிலும். பெட்டி நிறைய வேலுப்பிள்ளையும் செல்லம்மாவும் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள்.

அபூதாஹிருக்குப் போன் எடுத்தார். அந்த மனிதர் பதறிப்போனார். மகளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திரும்ப வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. “அண்ணன், பிள்ள உங்களுக்கு எடுத்துக் கேட்டிரிக்கி. நீங்க ஓம் எண்டு சொன்னீங்களாம். ரெண்டு தரம் சொன்னீங்களாம். திருப்பி அடிக்கவா? ஆனா நாளைக்குள்ள ஏலாதே, அல்லாஹ்வே.”

பாட்டு, ஹோர்ன், தூக்கின விரல், எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. “பிள்ளையில பிழையில்லை, தம்பி,” என்றார். “ஓம் சொன்னது நான்தான்.” போனை வைத்தார்.

வெட்கமாக இருந்தது. சாவுக்குப் பிறகு அவருக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், வெட்கம். ஒரு தரம் வாயை மூடிக்கொண்டிருந்து அந்த இரண்டு பேரையும் அவள் தலையில் ஏற்றினார். இந்தத் தரம் வாயைத் திறந்து ஏற்றியிருக்கிறார். இனி அவள் சிரித்துத் தள்ளவும் ஏலாது.

“பேனை இருக்கே, பிள்ளை?”

நிரோஜினி கைப்பையிலிருந்து கறுப்புப் பேனை ஒன்றைக் கொடுத்தாள். அவர் கட்டிலில் இருந்து, புத்தகத்தை மடியில் விரித்து, இரண்டு பெயர்களையும் நேரான ஒரு கோட்டால் வெட்டினார். மேலே மெல்லமாக ஐந்து கோட்டில் ஒரு வெள்ளி கீறினார். இஞ்சின் பிடித்த தடித்த கை. முதல் வெள்ளி நண்டு மாதிரி வந்தது. மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “குசினிச் சுவரில இருக்கிற வெள்ளி?”

“ஓம்.” இந்த ஓமை அவர் யோசித்துத்தான் சொன்னார்.

அவள் இன்னொரு பேனையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் இருந்தாள். ஒருவர் வெட்ட, ஒருவர் கீற, வேலை ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய வெள்ளிகளும் வெள்ளி மாதிரியே வரத் தொடங்கின.

“அப்பா, என்ர மூக்கு உங்கட பக்கத்து மூக்கில்லைத்தானே?” என்றாள் குனிந்தபடியே.

“இல்லை. எங்கட ஆக்களின்ரது சப்பை.”

“அம்மாவின்ர மூக்கு. அம்மாவுக்கு அது ஆரிட்ட இருந்து வந்தது?”

அவர் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அட்டையிலிருந்த முகத்தைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மூக்கு, ஒரே மேலுதடு, இடது புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கின மாதிரி. இத்தனை வருஷம் அதை ரூபியின் முகம் என்றே நினைத்திருந்தார். அவளுக்கு முந்தி அது வேறு ஒருத்தியின் முகமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒருத்தி ஏதோ ஒரு விடியலில், சேலை ஒன்றில் பிள்ளையைச் சுற்றி வைத்துவிட்டு, அந்தப் புருவத்தைத் தூக்கித் திரும்பிப் பார்த்திருப்பாள். பேனை கையில் நின்றுவிட்டது. “அப்பா?” என்றாள் மகள். “ஒண்டுமில்லை” என்று அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

அப்போதுதான் பாக்கியரத்தினம் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்தார். வெட்டுக் கோட்டைக் கண்டதும் தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்.

“என்னடா செய்யிறாய்? நல்ல புத்தகத்தைக் கிறுக்கிப் பழுதாக்கிறியே! இந்தப் பூச்சி என்ன?”

“அது ரூபியின்ர அம்மா.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூளைக்கு ஏதும் பிசகிவிட்டதோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னார், சுவரில் இருக்கிற தாளைப் பற்றி, பிள்ளைகளின் சாயலைப் பற்றி. அபூதாஹிருக்குச் சொன்ன அளவு வடிவாகச் சொல்ல வரவில்லை. அக்காவுக்கு முன்னால் அவருக்கு எப்போதும் வாய் குழறும்.

“அப்ப தகப்பன்?”

“சொல்லுக்குத் தாயை மட்டும்தான் தேடுறது, அக்கா. ரூபி அப்பிடித்தான் கீறுவா.”

“நான் அவளைக் கேவலப்படுத்தவே பேர் போட்டனான்?” அக்காவின் குரல் உடைந்தது. “ஒரு நாதியில்லாதவள் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டுதானே போட்டனான். அண்டைக்கும் அதுக்குத்தான், இண்டைக்கும் அதுக்குத்தான்.”

“தெரியும், அக்கா. ரூபிக்கும் தெரியும். அவ உங்களில ஒரு நாளும் கோவிக்கேல்ல.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா இருந்த ஒருத்தியை வெட்டிப்போட்டு இல்லாத ரெண்டு பேரை வைக்க என்னால ஏலாது” என்றார்.

ஏலாது என்று அக்காவிடம் அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பாக்கியரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மரக்கறி வெட்டுகிற இடத்துக்குப் போனார். தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்தது. இருட்டுவதற்கு முதல் கடைசிப் பெட்டியும் முடிந்தது.

அடுத்த நாள் விடிய ஐயரோடு கடற்கரைக்குப் போய் அந்தியேட்டிச் சடங்கு செய்தார்கள். வீட்டுக்கு வந்து படையல், கிருத்தியம், பிறகு பந்தி. அழைத்த சனமும் அழைக்காத சனமும் வந்தது. வாடகைக் கதிரைகளுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. சாப்பிட்டுக் கை கழுவினவர்களுக்கு நிரோஜினி கல்வெட்டைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பாக்கியரத்தினம் வெற்றிலைத் தட்டோடு பின்னால் வந்தார். எதிர்பார்த்தபடியே எல்லோரும் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடுப்பக்கத்தைப் பிரித்தார்கள். முற்றம் முழுக்கக் கடதாசி புரளும் சத்தம். பிறகு ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள்.

கேட்டது சல்லி ஊரிலிருந்து வந்த தனஞ்சயன் மச்சான்தான். சொந்தத்துக்குள் மூத்தவர். ஊரில் எந்த வீட்டு வம்சாவளியையும் அவரிடம் காட்டித் திருத்தின பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பார்கள். இந்த வீட்டில் மட்டும் காட்டவில்லை. அந்தக் குறையும் அவருக்கு இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“சிவகுரு, இதென்ன, பேரை வெட்டிப்போட்டு வெள்ளி ஒண்டு கிடக்கு? அச்சுப்பிழையோ?”

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். சிவகுருநாதன் அக்காவைப் பார்த்தார். அக்கா தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓம், அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டால் கதை அதோடு முடியும். எல்லோருக்கும் வசதி. அந்த ஓம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“பிழையில்லை, மச்சான்,” என்றார். “அது என்ர மாமி.”

கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில், மனைவியின் தாயை அழைக்கிற அந்த முறையைச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் இருந்ததில்லை. மற்ற ஆண்கள் மாமி வீட்டுக்குப் போனது, மாமி பலகாரம் கொடுத்துவிட்டது, மாமியோடு சண்டை என்று படகில் கதைக்கும்போது அவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வீட்டில் அதே நேரம் ரூபி, அம்மா என்று சொல்ல ஒரு ஆளில்லாமல், செல்லம்மாவைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“மாமியோ? பேர் என்ன?” என்றார் தனஞ்சயன், விடாமல்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்குச் சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, இத்தனை நாளும் எங்கே கிடந்ததோ தெரியாது, உடம்பைக் குலுக்கிக்கொண்டு சத்தமாக வந்தது. முப்பத்தொரு நாளும் கல் என்று கதைத்தவர்கள் எழும்பி நின்றார்கள். நிரோஜினி ஓடி வந்தாள். உள்ளங்கால் வரைக்கும் அவருக்கு அதிர்ந்தது.

பாக்கியரத்தினம் வெற்றிலைத் தட்டை ஒரு கதிரையில் வைத்தார். தம்பியின் பக்கத்தில் வந்து இருந்து, அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தனஞ்சயனை நிமிர்ந்து பார்த்தார்.

“பேர் தெரியாது,” என்றார். “ஆனா எங்கட ஆள்.”